சுடுமண் இசைஞர்கள்: அளவுகோலை வைத்துவிட்டுக் கையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோம, எகிப்திய சுடுமண் இசைஞர் பொம்மைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பெங்களூருப் பதிப்பில் இப்படி ஒரு பொருளுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியது நல்ல காரியம். யஷ்வந்தபுரத்தில் 1891-இல் ரோம வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்த ஊர் இது. அந்தக் காசு புழங்கிய நாட்டில் எதை ஊதினார்கள், எதைத் தட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இங்கே இருப்பதில் வியப்பில்லை. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தி பள்ளி மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது: படத்தை அளந்து, குழலின் நீளத்தையும் யாழின் நரம்பையும் கணக்கிட்டு, அதே கருவியைச் செய்து வாருங்கள் என்று. அந்த இடத்தில்தான் எங்களுக்கு மறுப்பு. அப்படிச் செய்தால் வருவது ஒரு குயவரின் வசதிக்கு ஏற்ற கருவியாக இருக்குமே ஒழிய, அந்தக் காலத்து இசைஞர் கையில் இருந்த கருவியாக இருக்காது. கடிதம் நீண்டுவிட்டது. வெட்ட வேண்டியிருந்தால் பாராட்டை வெட்டுங்கள், அளவுகளை விட்டுவையுங்கள்.

முதலில் கணக்கு. இந்தப் பொம்மைகளில் பல ஒரு சாண் உயரம்கூட இருக்காது. 16 செ.மீ. பொம்மை 160 செ.மீ. ஆளைக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு. கிரேக்கர் சிரிங்ஸ் என்று சொன்ன அடுக்குக் குழலை எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கம் அடைத்த 20 செ.மீ. குழல் ஏறக்குறைய 430 ஹெர்ட்ஸ் கொடுக்கும். பொம்மையில் அது 2 செ.மீ. அடுத்த ஸ்வரஸ்தானத்துக்குப் போக நீளத்தில் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக மாற்றினால் போதும். பொம்மையில் அது 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சுட்ட மண் மேல் பூசிய வெள்ளைப் பூச்சே அரை மி.மீ. கனம் வரக்கூடும். பூச்சு இருக்கும் இடத்தில் அளந்தால் ஒரு ஸ்வரம், உதிர்ந்த இடத்தில் அளந்தால் அதிலிருந்து அரை ஸ்தானம் தள்ளி இன்னொன்று. இதை வைத்து எந்த மேளகர்த்தா ராகத்தைக் கண்டுபிடிப்பது?

அதைவிடப் பெரிய தடை கண்ணுக்கே தெரியாதது. அடைத்த குழலின் சுருதியைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்றுத் தூணின் ஆழம்தான். வெளி நீளம் அல்ல. பழைய கிரேக்க வகைச் சிரிங்ஸில் எல்லாக் குழல்களும் வெளியே ஒரே நீளம். உள்ளே மெழுகை வெவ்வேறு உயரத்துக்கு நிரப்பிச் சுருதி சேர்த்தார்கள். ரோமர் காலத்தில் இறக்கை போலப் படிப்படியாகக் குறையும் வடிவம் பரவியது. அதிலும் கடைசிச் சுருதி மெழுகால்தான். மெழுகின் மட்டத்தைக் களிமண்ணில் எந்தக் கைவினைஞரும் காட்டவில்லை, காட்டவும் முடியாது.

இரட்டைக் குழலுக்கு வருவோம். கிரேக்கர் ஆலோஸ் என்றும் ரோமர் டிபியா என்றும் சொன்னது இது. கட்டுரை இதைப் புல்லாங்குழலாக எடுத்துக்கொண்டு நீளத்தை அளக்கச் சொல்கிறது. இது சீவாளி (நாணல் நாக்கு) வைத்து ஊதும் கருவி. நேரான துளையுள்ள 40 செ.மீ. குழலைச் சீவாளி வைத்து ஊதினால், ஒரு பக்கம் அடைத்த குழல் போல நடந்துகொண்டு 215 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும். அதே நீளத்துக்குப் புல்லாங்குழல் செய்தால் 430. ஒரு முழு ஸ்தாயி தப்பு. நாகஸ்வரத்தின் துளை அடிப்பக்கம் போகப் போக விரிகிறது, அதனால் அது இந்தக் கணக்கில் அடங்காது. ஆகவே நாகஸ்வரத்தை வைத்தும் இதை ஊகிக்க வேண்டாம். விரல் துளைகளோ பொம்மைகளில் பெரும்பாலும் கிடையாது. இருந்தாலும் ஈர மண்ணில் குச்சியால் குத்திய புள்ளிகள்தான் அவை.

நரம்புக் கருவிகள் இன்னும் மோசம். எகிப்தியக் கோண யாழில் இருபதுக்கு மேல் நரம்புகள் கட்டியது உண்டு. நரம்புக்கு நரம்பு ஒன்றரை செ.மீ. இடைவெளி என்றால் பொம்மையில் 1.5 மி.மீ. கீறும் குச்சியின் முனைக்கே 1 மி.மீ. வேண்டும், பக்கத்துக் கீறல் இடிந்து விழாமல் இருக்க இன்னொரு மி.மீ. மண் வேண்டும். ஆகவே ஆறோ ஏழோ கோடு போட்டு நிறுத்திவிடுவார்கள். பல பொம்மைகளில் கோடே இல்லை. நரம்பை வண்ணத்தில் வரைந்தார்கள், வண்ணம் போய்விட்டது. மல்லேஸ்வரம் கடையில் வாங்கும் கொலு கச்சேரி செட்டில் வயலினுக்கு எத்தனை தந்தி என்று எண்ணிப் பார்த்து யாரும் வயலின் செய்யப் புறப்படுவதில்லை. இங்கேயும் அதே நியாயம்.

அளந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு அளக்கக் கருவிகளே மிஞ்சியிருக்கின்றன. இத்தாலியின் பழைய பொம்பேயி நகரில் கிடைத்த, உலோக உறை போட்ட டிபியாக்கள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. துளைகளைத் திறக்கவும் மூடவும் அந்த உறைகளில் சுழலும் வளையங்கள் இருக்கின்றன. புடாபெஸ்டின் அக்வின்கும் பகுதியில் 1931-இல் கிடைத்த ஆர்கனில் 13 குழல் கொண்ட 4 வரிசை, ஆக 52 குழல்கள். அதன் வெண்கலத் தகட்டு எழுத்தே கி.பி. 228 என்று ஆண்டைச் சொல்லிவிடுகிறது. எகிப்தின் 18-ஆம் அரசமரபைச் சேர்ந்த ஹர்மோசே என்ற பாடகரின் கல்லறையில் அவருடைய மூன்று நரம்பு வீணை வகைக் கருவியே கிடைத்தது. நீளம், துளை, கனம் எல்லாம் இவற்றிலிருந்து எடுக்கலாம். இவற்றோடு ஒப்பிட்டால் பொம்மை எங்கே சுருக்குகிறது, எங்கே மழுப்புகிறது என்பதும் புரியும்.

மழுப்பலுக்குக் காரணம் கலைஞரின் அசிரத்தை அல்ல, அச்சு. கட்டுரை ‘கையால் பிடித்த பொம்மைகள்’ என்று எழுதியிருக்கிறது. ரோமர் கால எகிப்தில் செய்தவற்றில் மிகப் பெரும்பாலானவை அச்சில் எடுத்தவை. மூல உருவத்தின் மேல் களிமண்ணோ பிளாஸ்டரோ அப்பி முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சு எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் சில மி.மீ. கனத்துக்கு மண்ணைத் தகடாக அழுத்துவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கித் தானே விலகும். இரண்டு பாதிகளையும் மண் குழம்பால் ஒட்டி, இணைப்பு வரியைக் கத்தியால் சீவி, முதுகில் ஒரு துளை வெட்டுவார்கள். சூட்டில் உள்ளே இருக்கும் நீராவி வெளியேற அந்தத் துளை வேண்டும். இல்லாவிட்டால் உருவம் வெடிக்கும். நைல் வண்டல் மண்ணில் இரும்பு அதிகம், மினுமினுக்கும் அபிரகத் துகளும் உண்டு. சுட்டால் சிவப்புக் கலந்த பழுப்பு. பின்பக்கத்தைப் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டார்கள். சுவர் மாடத்தில் வைக்கும் பொருளுக்கு முதுகு அலங்காரம் எதற்கு?

இந்த முறை இசைக்கருவியை என்ன செய்கிறது என்று பாருங்கள். கெட்டியான அச்சிலிருந்து உருவம் நேராக வெளியே வர வேண்டும். உடலைவிட்டு முன்னால் நீட்டிய குழலின் அடியில் அச்சு மாட்டிக்கொள்ளும். அதனால் குழலை மார்போடு படிய வைத்துவிடுவார்கள். நிஜத்தில் முன்னால் நீண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் இரட்டைக் குழல், பொம்மையில் தாடியைப் போல மார்பில் தொங்கும். பக்கவாட்டில் பிடிக்கும் பறையைப் பார்ப்பவரை நோக்கித் திருப்பிவிடுவார்கள். அப்படிச் செய்ய மனமில்லாதவர்கள் கருவியைத் தனியாகச் செய்து ஒட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டில் முதலில் கழன்றுபோவதும் அந்த ஒட்டுத்தான். வெறுங்கையோடு நிற்கும் பல உருவங்கள் ஒருகாலத்தில் ஏதோ ஒன்றை வாசித்தவை. இன்னொரு கண்ணி: சில விவரங்களை அச்சுக்குள்ளேயே நேரடியாகச் செதுக்கினால், வெளிவரும் உருவத்தில் இடம் வலமாகும். ஒரே ஒரு பொம்மையை வைத்து ‘இவர் இடக்கைக்காரர்’ என்று முடிவு கட்டக் கூடாது.

அச்சுக்கும் தலைமுறை உண்டு. மண் காய்ந்து சுட்டு முடிக்கும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. மூலத்திலிருந்து வரும் பொம்மை 18 செ.மீ. இருக்கும். அந்தப் பொம்மையிலிருந்தே யாராவது புதிய அச்சு எடுத்தால் அடுத்தது 16.2; அதற்கடுத்தது 14.6. சந்தையில் நன்றாக விற்கும் உருவத்தை இன்னொரு பட்டறை இப்படித்தான் நகல் எடுத்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் விளிம்பு மழுங்கும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும், ஏழு குழல் ஐந்தாகத் தெரியும். மழுங்கியதைச் சரிசெய்யக் கைவினைஞர் ஈர மண்ணில் மறுபடி கீறுவார். அவர் கீறுவது தனக்குத் தெரிந்த கருவியையா, பக்கத்துப் பட்டறையின் பொம்மையில் பார்த்ததையா என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே வகைப் பொம்மைகள் பல கிடைத்தால், பெரியதையும் கூர்மையானதையும் நம்புங்கள். சிறியதில் கூடுதலாகத் தெரியும் விவரத்தைச் சந்தேகியுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் பொம்மைகள் இசை வரலாற்றுக்குப் பயனில்லை என்று தோன்றலாம். எங்கள் வாதம் அதற்கு நேர்மாறு. எழுத்திலும் கல்லறைக் கருவியிலும் கிடைக்காத ஒன்று இவற்றில் கிடைக்கிறது: பிடி. கருவி எந்தக் கையில், எவ்வளவு உயரத்தில், நின்றா, உட்கார்ந்தா, நடந்தா, பக்கத்தில் யார்? அச்சு நீளத்தைக் குலைக்கும். பிடியை அவ்வளவு எளிதில் குலைக்காது. காரணம், வாங்க வந்தவர் பொம்மையை அடையாளம் கண்டுகொண்டதே அந்தப் பிடியை வைத்துத்தான்.

இரட்டைக் குழலில் ஒவ்வொரு கைக்கும் ஒரு குழல். ஒரு கையின் ஐந்து விரலுக்கு மேல் ஒரு குழலில் துளை போட்டுப் பயனில்லை. பொம்பேயி டிபியாக்களின் சுழலும் வளையங்கள் ஏன் தேவைப்பட்டன என்பது இந்தப் பிடியைப் பார்த்தால் சட்டென்று விளங்கும். சில உருவங்களில் வாயைச் சுற்றி ஒரு தோல் பட்டை தலைக்குப் பின்னால் போகிறது. உதட்டையும் கன்னத்தையும் தாங்கிப் பிடிக்க. கட்டுரை ‘கேலிக்காக ஊதிக் காட்டிய கன்னம்’ என்று சொன்னது சீவாளிக்குக் கொடுக்கும் காற்றழுத்தத்தின் விளைவு. கேலி உருவங்கள் எகிப்தில் ஏராளம், உண்மைதான். ஆனால் அதற்குச் சாட்சி கன்னம் இல்லை. நாகஸ்வரக்காரர் முகத்தைப் பார்த்து வளர்ந்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒருமுகப் பறையை இடக்கையில் செங்குத்தாகப் பிடித்து வலக்கை விரல்களால் தட்டுவது கிரேக்க, ரோம உருவங்களில் வழக்கம். வாசிப்பவர் பெரும்பாலும் பெண். எகிப்தில் பெஸ் என்ற குள்ளத் தெய்வமும் இதைத் தட்டிக்கொண்டே ஆடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. மார்போடு ஒட்டிய வட்டம் எல்லாம் பறை ஆகிவிடாது. இரும்புக் கால லெவந்துப் பகுதியில் (மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை) வட்டத்தை ஏந்திய பெண் உருவங்கள் நிறையக் கிடைத்துள்ளன. வட்டம் உடலுக்குச் செங்குத்தாக நின்றால் பறை என்று தைரியமாகச் சொல்லலாம். மார்பில் அப்பியபடி இருந்தால் அப்பமா, தட்டா, பறையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நம்மூர்க் கண்ணுக்கு ஏற்படும் இன்னொரு மயக்கம் எகிப்தியச் சிறுவன் ஒருவன் பானையை அணைத்து உட்கார்ந்திருக்கும் உருவம். கட்டுரையில் மூன்றாவது படத்தின் கீழே ‘கடம் போன்ற தாள வாத்தியம்’ என்று போட்டிருந்தீர்கள். பக்கவாட்டில் தொங்கும் குழந்தைக் குடுமி, வாயருகே விரல், பானைக்குள் கை. அவன் ஹார்பொக்ராடிஸ், குழந்தை ஹோரஸ். பானை சாப்பாட்டுக்கு.

கைக்கு இரண்டாகப் பிடித்துச் சொடுக்கும் கட்டைகளைக் குரோட்டலா என்பார்கள். பஜனையில் தட்டும் சிப்ளாக்கட்டையின் உறவு, ஆனால் பெரும்பாலும் ஆடிக்கொண்டே அடிப்பது. இதைப் பிடித்த பெண் உருவங்கள் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்குப் பாப்பிரஸில், அதாவது நாணல் தாளில் எழுதிய பழைய ஆவணத்தில், சான்று உண்டு. கி.பி. 206-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில், எகிப்தின் ஃபயூம் பகுதியிலுள்ள பிலடெல்பியா கிராமத்தைச் சேர்ந்த ஆர்டெமிசியா என்ற பெண், இசிதோரா என்ற குரோட்டலா ஆட்டக்காரியையும் உடன் இருவரையும் 6 நாள் விழாவுக்கு அமர்த்துகிறார். நாள் ஒன்றுக்கு 36 திராக்மா (அக்காலக் காசு). அதோடு 4 ஆர்டபா (தானிய அளவை) பார்லி, 20 ஜோடி ரொட்டி. கொண்டுவரும் துணிமணியையும் பொன் நகையையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக உறுதி. வரும்போது இரண்டு கழுதை, திரும்பும்போது இரண்டு கழுதை. சபாக்காரர்கள் கவனிக்கவும்: போக வர வண்டிச் செலவு பேசி எழுதியாகிவிட்டது. இதே ஃபயூம் பகுதியில் கரானிஸ் என்ற ஊரை மிச்சிகன் பல்கலைக்கழகம் 1924 முதல் 1935 வரை தோண்டியபோது வீடுகளுக்குள்ளேயே சுடுமண் உருவங்கள் கிடைத்தன. பொம்மையை ஊர்ப் பெயரோடும் வீட்டோடும் சேர்த்துப் பார்த்தால், அது யாருக்காக, எந்த விழாவுக்காக என்ற கேள்விக்கு விடை கிட்ட நெருங்கும். கண்காட்சிப் பெட்டியில் தனியாக நிற்கும்போது அந்த விடை கிடைக்காது.

கர்நாடகத்தில் இருப்பவர்கள் விட்டுவிடக் கூடாத இன்னொரு பாப்பிரஸ், எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த 413-ஆம் எண். இந்தியக் கடற்கரையில் நடக்கும் ஒரு கேலி நாடகம். அதில் வரும் புரியாத மொழி வரிகள் கன்னடம் என்று 1904-இல் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் எழுதினார், துளு என்றும் வாதம் உண்டு, சண்டை ஓயவில்லை. எங்களுக்கு அந்தச் சண்டையைவிட ருசியானது, வசனத்தின் இடையிடையே ‘இங்கே பறை’ என்று போட்டிருக்கும் குறிகள். எந்த இடத்தில் தட்டினார்கள் என்பதற்கு அது சாட்சி. எப்படிப் பிடித்துத் தட்டினார்கள் என்பதற்குப் பொம்மை சாட்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே.

நிறம் பற்றி. ‘மண் நிறத்தின் எளிமை’ என்று கட்டுரை உருகியிருப்பதை நாங்கள் ஏற்கவில்லை. இவை சுண்ணாம்போ ஜிப்சமோ பூசி, மேலே இளஞ்சிவப்பு, காவிச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, நீலம் எனத் தீட்டிய பளிச்சென்ற பொருள்கள். இளஞ்சிவப்பு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து வந்தது. நீலம், மணலும் சுண்ணாம்பும் செம்பும் சேர்த்துச் சுட்ட எகிப்திய நீலம். அந்த நீலத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: சிவப்பு ஒளியைக் காட்டினால் அகச்சிவப்பில், ஏறத்தாழ 910 நானோமீட்டரில், ஒளிரும். அகச்சிவப்புத் தடுப்பியைக் கழற்றிய சாதாரண கேமராவே அதைப் பிடித்துவிடும். கண்ணுக்கு வெறும் அழுக்காகத் தெரியும் இடத்தில் நட்சத்திரம் போலப் புள்ளிகள் மின்னும். உதிர்ந்த உடையும் அணியும் எங்கே இருந்தன என்று அப்படித்தான் மீட்கிறார்கள். புற ஊதா விளக்கில் வேறு கதை. பழைய பழுதுபார்ப்பில் பூசிய அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மஞ்சிட்டி இளஞ்சிவப்பும் ஆரஞ்சு கலந்தே ஒளிரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அசல் வண்ணத்தை அரக்கு என்று நினைத்துச் சுரண்டிவிட்டால் போனது போனதுதான்.

அதே காரணத்தால் பொம்மையைத் துடைக்கத் தண்ணீர் கூடாது. வண்ணத்தைப் பிடித்துவைத்த பிசின் எப்போதோ செத்துவிட்டது. ஈரப் பஞ்சு பட்டாலே வந்துவிடும். எகிப்து மண்ணில் புதைந்த பொருளுக்குள் உப்பும் ஏறியிருக்கும். மழைக் காலத்தில் கரைந்து வெயிலில் படிகமாகி, மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளும். பெங்களூரு வீட்டு ஷோகேஸில் நடப்பது இதுதான்.

இணையத்தில் விற்பனைக்கு வரும் ‘இசைஞர்’ உருவங்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். இசைஞர் என்றால் விலை கூடும் என்பதால், ஒடிந்த கையில் ஒரு குச்சியை ஒட்டிக் குழலாக்குவதும், ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலில் பொருத்துவதும் பழைய தொழில். 1870-களில் கிரேக்கத்தின் தனாக்ரா ஊர்ச் சுடுமண் உருவங்கள் வெளிவந்து பரபரப்பான பிறகு போலிகளும் வெள்ளமாக வந்தன. சுட்ட மண்ணைச் சூடாக்கி அது விடும் ஒளியை அளக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனையில், இரண்டு இடங்களில் மங்கிய சிவப்பு விளக்கில் துளைத்தெடுத்த சில பத்து மில்லிகிராம் தூள் போதும். கடைசியாகச் சுட்டது எப்போது என்று நான்கில் ஒரு பங்கு பிழைக்குள் சொல்லலாம். இரண்டாயிரம் ஆண்டையும் நூறு ஆண்டையும் பிரிக்க அது தாராளம். ஆனால் தலையும் உடலும் வேறு வேறாக இருந்து இரண்டும் பழையதாக இருந்தால் சோதனை தேறிவிடும். பிளாஸ்டரில் செய்த குழலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எக்ஸ்ரே முதலில் எடுத்துவிட்டால் கணக்கே கெடும். எது எப்படியோ, 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு எகிப்திலிருந்து இவற்றை விற்பனைக்கு வெளியே கொண்டுவர வழியில்லை. பழைய கைமாற்றத் தாள் இல்லாத உருவத்தை வாங்க வேண்டாம் என்று அந்தப் பெட்டிச் செய்தியில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மாணவர்களுக்கு வேலை கொடுப்பதானால், கருவியை விட்டுவிட்டுப் பொம்மையைச் செய்யச் சொல்லுங்கள். பள்ளியில் செய்யக்கூடியதுதான். 16 செ.மீ. உருவம் ஒன்றை மாடலிங் மெழுகில் செய்து, பாதி உடல் மூழ்கும்வரை களிமண் படுக்கையில் கிடத்தி, 22-க்கு 13 செ.மீ. பெட்டிச் சுவர் கட்ட வேண்டும். அச்சுப் பாதி ஒன்றுக்கு 1 லிட்டர் தண்ணீரில் 1.4 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி ஏறாமல் மெதுவாகக் கலக்கி ஊற்றவும். முதல் பாதி இறுகியதும் களிமண் படுக்கையை நீக்கி, விளிம்பில் இரண்டு மூன்று குழி தோண்டி, சோப்புக் கரைசலை மூன்று முறை தடவிய பிறகே இரண்டாவது பாதி. சோப்பை மறந்தால் இரண்டும் ஒரே கல்லாகிவிடும். அச்சை நிழலில் ஒரு வாரம் காயவைக்கவும். அவசரப்பட்டு 50 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பிளாஸ்டர் பொடியும்.

மண், பெங்களூருக் குயவர் பகுதியான பாட்டரி டவுனில் கிடைக்கும். பிள்ளையார் செய்யும் ஏரி மண்ணும் ஆகும், ஆனால் கரைத்து மெல்லிய சல்லடையில் வடிகட்டாமல் தொடக் கூடாது. அதில் சுண்ணாம்புக் கற்கள் இருக்கும். சூளையில் வெந்த கல் பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி, பொம்மையின் முகத்தில் சில்லு சில்லாகத் தெறிக்கும். பத்தில் ஒரு பங்கு நுண்மணல் கலந்து, 4 அல்லது 5 மி.மீ. தகடாக அழுத்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம். விளிம்பைக் கீறிவிட்டுக் குழம்பு வைத்து ஒட்டுங்கள். வழவழப்பாக ஒட்டியது காயும்போதே பிளக்கும். முதுகில் ஒன்றரை செ.மீ. துளை. செய்தித்தாள் சுற்றி ஒரு வாரம் காயவிடுங்கள். சூளையில் முதல் 100 டிகிரியை இரண்டு மணி நேரம் பிடித்து, பிறகு மணிக்கு 100 டிகிரிக்கு மிகாமல் ஏற்றி 750-இல் நிறுத்தலாம். 573 டிகிரியில் மணலின் படிகம் சட்டென்று விரியும். அங்கே அவசரம் கூடாது, ஆறும்போதும் கூடாது.

வெள்ளைக்குச் சாக்கட்டிப் பொடியும் கொஞ்சம் கருவேலம் பிசினும். இளஞ்சிவப்புக்கு நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டி வேர் 50 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துச் சூடாக்கவும். 70 டிகிரியைத் தாண்டினால் பழுப்பு இறங்கிவிடும். வடிகட்டி, 25 கிராம் படிகாரம் கரைத்து, சலவைச் சோடாக் கரைசலை நுரை அடங்கும்வரை துளித் துளியாக விட்டால் நிறம் அடியில் படியும்.

அச்சில் அழுத்தும் முன்பு மண் தகடு ஒன்றில் 10 செ.மீ. கோடு கீறி, அதையும் கூடவே சுட்டு அளக்கச் சொல்லுங்கள். பிறகு சுட்ட பொம்மையிலிருந்தே இன்னொரு அச்சு எடுக்கச் சொல்லுங்கள். மெழுகில் கீறிய குழல்களில் எத்தனை மிச்சம் என்று அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படம் வெளியிடும்போது அதன் கீழே உயரம், கிடைத்த இடம், எந்த அருங்காட்சியகம், அதன் பதிவு எண், எந்தப் பகுதி பின்னால் ஒட்டியது, இந்த ஐந்தும் வேண்டும். தங்கள் இரண்டாவது படத்தில் குழலின் நிறம் உடலின் நிறத்திலிருந்து மாறுபடுகிறது. அது அச்சுப் பிழையா, பழுதுபார்ப்பா என்று தங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் நன்றி.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
அல்சூர், பெங்களூரு.